வாயில்லா ஜீவன், ஓயாத நீரோட்டம்

எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் கிராண்ட் 1825-இல் ஒரு துண்டுக் கடற்பஞ்சைக் கடல்நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அதன் துளை ஒன்றிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருந்தது. கூடவே கழிவுத் துகள்களும் வந்து விழுந்தன. பாறையில் ஒட்டிக்கொண்டு, தொட்டாலும் அசையாமல் கிடக்கும் கடற்பஞ்சைத் தாவரம் என்றே அன்று பலரும் நினைத்திருந்தனர். அது விலங்குதான் என்று காட்டிக்கொடுத்தது இந்த நீரோட்டம். மாணவராக எடின்பரோவுக்கு வந்த டார்வினுக்கு ஆசானாக இருந்தவரும் இந்த கிராண்ட்தான்.

கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. இதயம், நரம்பு எதுவும் கிடையாது. உடலெங்கும் ஆஸ்டியா எனப்படும் நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே புகும் நீர், கிளை பிரியும் கால்வாய்களில் ஓடிச் சிறு அறைகளை அடைகிறது. அறைச் சுவர்களில் கோயனோசைட் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கசையிழை, அதைச் சுற்றி நுண்ணிழைகளாலான கழுத்துப்பட்டி. கசையிழை அசைய அசைய நீர் நகர்கிறது. பட்டியில் சிக்கும் பாக்டீரியாவைச் செல் விழுங்கிவிடுகிறது. மிஞ்சிய நீர் ஆஸ்குலம் என்ற பெரிய துளை வழியே வெளியேறுகிறது.

பீப்பாய் வடிவக் கடற்பஞ்சின் அடிப்பக்கத்தில் முக்குளிப்பவர்கள் சாயத்தைப் பீய்ச்சினால், சற்று நேரத்தில் அது உச்சியிலிருந்து புகைபோக்கிப் புகையாக எழும்பும். பத்து செ.மீ. உயரமே உள்ள லூக்கோனியா என்ற சிறு வகைகூட நாளொன்றுக்குச் சுமார் 22 லிட்டர் நீரை இறைத்துவிடுகிறது.

இந்த உடல் எவ்வளவு தளர்வான கூட்டு என்பதை அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன் 1907-இல் காட்டினார். உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து, தனித்தனிச் செல்களாக உதிர்த்தார். கிண்ணத்தின் அடியில் படிந்த செல்கள் ஊர்ந்து ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டன. மீண்டும் கால்வாயும் அறையுமாக முழு உடல் உருவாயிற்று.

இதுவரை 9,000-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. சிலவற்றின் எலும்புக்கூடு சுண்ணாம்பு முட்களால் ஆனது. சிலவற்றில் சிலிக்கா முட்கள். குளிக்கப் பயன்படும் வகைகளில் முட்களே இல்லை, மிருதுவான ஸ்பாஞ்சின் நார் மட்டுமே. ஆழ்கடலில் வாழும் மோனோராபிஸ் சுனி தன்னைத் தாங்க ஒரே ஒரு கண்ணாடி முள்ளை வளர்க்கிறது. அதன் நீளம் மூன்று மீட்டர் வரை போகும். கிழக்குச் சீனக் கடலில் கிடைத்த ஒரு முள்ளை ஆராய்ந்தவர்கள் அதன் வயது சுமார் 11,000 ஆண்டுகள் என்று கணித்தனர்.

நீர் இறைப்பதையே கைவிட்ட கடற்பஞ்சும் உண்டு. மத்தியதரைக் கடல் குகை ஒன்றில் வாழும் அஸ்பெஸ்டோப்ளூமா இறைச்சி உண்பது 1995-இல் தெரியவந்தது. கொக்கி முட்கள் நிறைந்த இழைகளில் சின்னஞ்சிறு இறால் இனம் மாட்டிக்கொண்டால், சுற்றியுள்ள செல்கள் நகர்ந்து வந்து அதை மூடிச் சில நாட்களில் செரித்துவிடும்.

ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது என்பதால் கடற்பஞ்சுகளுக்கு ரசாயனமே காவல். கரீபியக் கடல் வகை ஒன்றில் 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் கண்ட விசித்திரமான சேர்மங்களின் வழியில் உருவானதே ரத்தப் புற்றுநோய்க்கான சைட்டராபின் மருந்து. ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து ஹாலிகாண்ட்ரின்-பி என்ற பொருள் 12.5 மில்லிகிராம்தான் தேறியது. கடலை நம்பினால் கட்டுப்படியாகாது என்று வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாக உருவாக்கினர். அதன் ஒரு பகுதியைப் போல அமைத்த எரிபுலின், மார்பகப் புற்றுநோய்க்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மன்னார் வளைகுடாவிலும் கடற்பஞ்சுகள் ஏராளம். இங்கே முத்துச்சிப்பிக்கும் சங்குக்கும் எதிரியாக இருப்பது கிளியோனா. ஓட்டின்மீது உட்கார்ந்து, அமிலம் கசியவிட்டுச் சுண்ணாம்பைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தெடுக்கும். பெயர்ந்த துணுக்குகளை வெளியே தள்ளுவதும் அதே நீரோட்டம்தான். வெளியே சிறு பொட்டுகளாகத் தெரிந்தாலும், உள்ளே ஓடு முழுக்கப் பொந்தாகியிருக்கும். வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும் சங்கில் இந்தத் துளைகள் இருந்தால் விலை இறங்கிவிடும்.