'சுராங்கனி' சிவகாசிக்கு வந்த ரூட்!

காலேஜ் டூர் பஸ்ல யாராவது ஒருத்தர் 'சுராங்கனி'யை ஆரம்பிச்சா போதும், கடைசி சீட் வரைக்கும் கூடப் பாடும். நடுவுல சிங்கள வரிகள் வேற. அர்த்தம் தெரியாதுன்னு யாராவது நிறுத்தியிருக்காங்களா? சரி, இந்த இலங்கைப் பாட்டு விருதுநகர், சிவகாசி பக்கம் வரை எப்படி வந்தது?

முதல்ல டெல்லிக்குத்தான் நன்றி சொல்லணும். 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமா பாட்டுன்னாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய காணாமலே போச்சு. விவித் பாரதி வந்தது 1957-ல். அதுக்குள்ள ரசிகர்கள் ரேடியோ முள்ளை கொழும்பு பக்கம் திருப்பிட்டாங்க.

அடுத்தது கடல். உப்புத் தண்ணி மேல மத்திய அலை அவ்வளவு சீக்கிரம் தேயாது. அதனால தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கணீர்னு கேட்டுச்சு. தீப்பெட்டி ஒட்டுறதும் கட்டை அடுக்குறதும் கைக்குத்தான் வேலை. காது சும்மாதானே இருக்கும்? கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது பேரை உங்க தாத்தா பாட்டிகிட்ட சொல்லிப் பாருங்க. அறிவிப்பாளர்களுக்கே ரசிகர்கள் இருந்த காலம் அது.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1972-ல் இங்கிலாந்தின் 'எஸ்' குழு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, சுமார் 18 நிமிஷத்துக்கு ஒரே பாட்டைப் போட்டாங்க. மூணு நிமிஷப் பாட்டுக்குப் பழகின ஸ்டேஷன்களில் அதுக்கு இடமில்ல. இடம் கொடுத்தது எஃப்.எம். ஸ்டேஷன்கள்.

சினிமா பாட்டுக்காகக் கொழும்பைத் திருப்பினவங்க காதுல ஈழத்துப் 'பொப்' பாட்டும் விழுந்துச்சு. (அங்கே பாப் இல்லீங்க, பொப்!) அதில் பெரிய பேர் ஏ.ஈ.மனோகரன். 'சுராங்கனி'யில் ஓடுறது பைலா. 16-ம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள், அவங்க கூட்டி வந்த ஆப்பிரிக்கர்கள் வழியா உருவான ஆட்டப்பாட்டு. போர்த்துக்கீசிய மொழியில் 'பைலார்'னா ஆடுறது. காலை ஆட வைக்கிற தாளத்துக்கு எதுக்கு மொழிபெயர்ப்பு?

1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இந்தப் பாட்டைக் கொண்டு வந்தார். பாட்டுக்கு அது நல்லது. மனோகரனுக்கு? பலருக்கும் இது சினிமா பாட்டாகவே பதிஞ்சுபோச்சு. அவரும் சென்னைக்கு வந்து, 'சிலோன் மனோகர்'ங்கிற பேரில் படங்களில் வில்லனா நடிச்சார். இலங்கையில் 'பொப் இசைச் சக்கரவர்த்தி'ன்னு கொண்டாடப்பட்டவருக்கு இங்கே கிடைச்சது அடியாள் வேஷம். இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அடுத்த டூர்ல மனோகரன் குரலிலேயே பாட்டைத் தேடிப் போடுங்க. வழக்கமா வீடியோவில் பார்க்கிற வேகத்தைவிட அது கொஞ்சம் நிதானமா இருந்தாலும், பஸ் ஆடும்.