கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னி நார்மலா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களைத்தான். தடித்த எழுத்து எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக மடித்து வைத்துவிடுகிறோம். கிரியேட்டினின் விஷயத்தில் அந்த நிம்மதி பல நேரம் தவறானது.

கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து நாள்தோறும் வெளிவரும் கழிவு. சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து வடித்துச் சிறுநீரில் அனுப்புகிறது. வடிக்கும் வேலை மந்தமானால் அது ரத்தத்தில் தேங்கும். ‘ரத்தத்தில் உப்பு கூடிவிட்டது’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதையும் யூரியாவையும்தான். சமையல் உப்புக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

சில லேப்களில் ஆண், பெண் எல்லோருக்கும் பொதுவாக 0.6 முதல் 1.3 வரை நார்மல் என்று அச்சிடுகிறார்கள். 25 வயது இளைஞர் ஒருவருக்கும் 70 வயதுப் பாட்டி ஒருவருக்கும் கிரியேட்டினின் 1.2 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ரிப்போர்ட்டிலும் தடித்த எழுத்து இருக்காது. ஆனால் பாட்டியின் உடம்பில் தசை குறைவு. அதனால் கழிவும் குறைவாகவே உண்டாகும். அந்தக் கொஞ்சத்தையே வெளியேற்ற முடியாமல்தான் அவருக்கு 1.2 வரை ஏறியிருக்கிறது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இளைஞரின் வடிகட்டும் திறன் சுமார் 86, பாட்டிக்கு 49தான்.

இந்தக் கணக்குக்குப் பெயர் ஈஜிஎஃப்ஆர். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ரத்தநீரை வடிக்கின்றன என்பதன் மதிப்பீடு அது. 90-க்கு மேல் இருந்தால் நல்லது. 60-க்குக் கீழே போய் மூன்று மாதத்துக்கு மேலும் அப்படியே நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்கும் கீழே இறங்கும்போதுதான் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வருகிறது. ஆக, ‘கிட்னி பாதிப்பு’ என்று டாக்டர் சொன்னதும் டயாலிசிஸ்தான் என்று குடும்பமே உடைந்துபோக வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே பல வருட தூரம் இருக்கலாம். அந்த வருடங்களை நீட்டிக்கொள்ள இன்று நல்ல மருந்துகளும் இருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றியவர், கிரியேட்டின் பவுடர் சாப்பிடுகிறவர், முந்தின இரவு நிறைய கறி சாப்பிட்டவர் ஆகியோருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே எண் சற்றுக் கூடுதலாக வரலாம். ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாமல் டாக்டர்கள் மறுபடி பார்க்கச் சொல்வது இதனால்தான்.

யூரியாவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடித்தாலே அது கூடிவிடும்.

கவலைப்பட வேண்டியது சிறுநீரில் போகும் ஆல்புமினைப் பற்றி. ஆல்புமின் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை பழுதாகத் தொடங்கும்போது இந்தப் புரதம் கசிகிறது. மீதமுள்ள வடிகட்டிகள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுவதால், ஏறக்குறைய பாதித் திறன் போகும் வரை கிரியேட்டினின் பெரிதாக அசையாமல் இருக்கலாம். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. ஆல்புமின் மட்டும் பல வருடம் முன்பே காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கிரியேட்டினினோடு ‘யூரின் ஏசிஆர்’ பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். அதில் 30-க்குக் கீழ் நார்மல். 300-ஐத் தாண்டினால் கசிவு அதிகம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மாத்திரையைப் பற்றிய பயம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரையை, ‘தினமும் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்’ என்று பயந்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இறங்கினால் டாக்டர் மெட்ஃபார்மினை நிறுத்திவிடுவார். அதைப் பார்க்கும் வீட்டார், அந்த மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது வெளியேறும் வழி சிறுநீரகம் என்பதால், பழுதான சிறுநீரகம் உள்ளவர் உடம்பில் தங்கிவிடும் என்றுதான் நிறுத்துகிறார்கள். கெடுத்தது கட்டுப்படாத சர்க்கரை. ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் டபாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே தரப்படுகின்றன. தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் லேசாக ஏறுவது எதிர்பார்த்ததுதான். நீங்களாக நிறுத்தாதீர்கள். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் அன்றே டாக்டரைக் கேளுங்கள். சில நாளுக்கு நிறுத்திவைக்கச் சொல்லலாம்.

பயப்பட வேண்டிய மாத்திரை வேறு. மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் ‘செட்’ மாத்திரையில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அதன் வகையறா ஒன்று இருக்கும். அது சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. வெயிலில் வேலை செய்து நீர் வற்றிய உடம்போடு, ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதைத் தொடர்ந்து போட்டால் சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம். வலிக்கு எது பாதுகாப்பு என்று கேட்டால், அளவோடு சாப்பிடும் பாராசிட்டமாலைத்தான் டாக்டர்கள் முதலில் சொல்வார்கள்.

ஏசிஆர் பரிசோதனைக்குக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு நாட்களில் முடிவு தவறாகக் கூடுதலாக வரலாம், தள்ளிப்போடுங்கள். முதல் முறை கூடுதலாக வந்தால் மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து, மொத்தம் மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் உறுதி செய்வார்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்திருந்து எடுத்துப் போங்கள். இன்றைய எண்ணை மட்டும் பார்ப்பதைவிட, போன வருடத்திலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் மருந்தை முடிவு செய்வார்.