பவளத்தில் தொடங்கும் வம்சாவளி

உங்கள் குடும்பத்தின் கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் பாட்டனின் பாட்டன் வரைக்கும் போவோம். அதற்கு மேல் ஒரு பூர்வீக ஊர், ஒரு குலதெய்வம், அவ்வளவுதான். பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஹவாய்த் தீவுகளில் ஓர் அரச குடும்பம் தன் வம்சாவளியைப் பவளப் பூச்சியிலிருந்து தொடங்கியது.

அந்த வம்சாவளியைச் சொல்லும் பாடலின் பெயர் குமுலிபோ. 2,102 அடிகள், 16 பகுதிகள். தொடக்கத்தில் இருட்டு, சூடேறிய பூமி, அடியில் சேறு. அந்தச் சேற்றுக்குப் பிறகு முதலில் பிறப்பது பவளப் பூச்சி. அதன்பின் மண்புழு, நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் முள்ளெலி, சிப்பி, மட்டி, சோழி. அடுத்தடுத்த பகுதிகளில் மீன்கள், பறவைகள், ஆமைகள், பன்றி, எலி, நாய். ஏழு பகுதிகள் முழுக்க இருட்டிலேயே நடக்கின்றன. எட்டாவதில்தான் வெளிச்சம் வருகிறது, மனிதனும் வருகிறான். அதற்குப் பிறகு பெயர்கள்: கணவன் பெயர், மனைவி பெயர், கணவன் பெயர், மனைவி பெயர் என்று நூற்றுக்கணக்கான இணைகள். கடைசியில் ஒரு தலைவனின் பிறப்பில் வந்து பாடல் நிற்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓர் அரசகுலக் குழந்தை பிறந்தபோது இது தொகுக்கப்பட்டது என்பது அங்குள்ள மரபு. ஹவாய் மொழிக்கு எழுத்து வந்ததோ 1820-களில். ஆக, தலைமுறைக் கணக்கில் இந்த இரண்டாயிரத்துச் சொச்சம் அடிகளும் மனித மூளையில் மட்டுமே குடியிருந்தன. அது எப்படி முடிந்தது என்ற கேள்விதான் என்னை இந்தப் பாடலிடம் இழுத்தது.

ஒரு பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து பாருங்கள். இருபது பெயருக்குள் தடுமாறுவோம். தடுமாறியதும் தெரியாது, நடுவில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் பட்டியல் தன்னை மூடிக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல ஓடும். செய்யுளில் அது நடக்காது. ஒரு சொல் விழுந்தால் ஓசை நொண்டும். பாடுகிறவர் வாயே அதைக் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின், காவியங்களும் கதைப்பாடல்களும் சிறுவர் எண்ணிக்கைப் பாட்டுகளும் எழுத்தின் துணையின்றி எப்படிப் பிழைக்கின்றன என்று ஆராய்ந்து 1995-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்டதன் சாரத்தைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘ஒரு பெரிய விலங்கு’ என்று மட்டும் சொன்னால் உங்கள் மனத்தில் காண்டாமிருகம் வரலாம், எருமை வரலாம், திமிங்கலமும் வரலாம். ‘வானை என்பதோடு எதுகையில் சேரும் சொல்’ என்று மட்டும் சொன்னால் பானை, தானை, சேனை, பூனை என்று கூட்டம் கூடும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்? யானை. வேறு வழியே இல்லை. பொருள் ஒரு பக்கம் கட்டுகிறது, ஓசை ஒரு பக்கம் கட்டுகிறது. இரண்டும் சேருமிடத்தில் ஒரே சொல்தான் நிற்க முடியும். பாடுகிறவர் இரண்டாயிரம் அடிகளையும் மூளையில் அடுக்கி வைத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வோர் அடியும் அடுத்த அடியைத் தானே வரவழைத்துவிடும்.

குமுலிபோவை இயற்றியவர்கள் இதைக் கடைசி இழைவரை பயன்படுத்தியிருக்கிறார்கள். முதல் பகுதியில் கடலில் பிறக்கும் பாசிகளுக்குக் கரையில் காவலாக ஒரு செடி உண்டு; இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே ஓசையில் பெயர். கடலில் இருப்பது எகஹா, கரையில் அதைக் காப்பது எகஹாகஹா. ஒன்றைச் சொன்னால் மற்றது நாவில் வந்து நிற்கும். இணைகளுக்கு நடுவே மாறாத பல்லவி வேறு. கடல் பாசியையும் காட்டுப் பெரணியையும் நுணுக்கமாகப் பார்த்து இனம் பிரித்தவர்களின் கள அறிவு இப்படி எதுகைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது.

இதனாலெல்லாம் செய்யுள் பொய் சொல்லாது என்று ஆகிவிடாது. வாய்மொழி வரலாற்றை ஆப்பிரிக்காவில் பல்லாண்டு ஆராய்ந்த யான் வான்சினா, வம்சாவளிகளின் நடுப்பகுதி இளைத்துப் போவதைக் கவனித்தார். ஆதி முன்னோரைப் பற்றி நிறையச் சொல்வார்கள், அண்மைத் தலைமுறைகளைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். இடையில் உள்ளவர்கள் மெல்ல உதிர்வார்கள். அரசர்களுக்கு வம்சாவளி என்பது உரிமைப் பத்திரமும் கூட. அதனால் சேர்ப்பும் நீக்கலும் நடந்திருக்கும். ஆனாலும் சில நேரங்களில் கல் வந்து சாட்சி சொல்கிறது. கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டான் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேர மன்னர்களைத் தந்தை, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாகச் சொல்கிறது. அந்த வரிசையைப் பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபோடு இணைத்துக் காட்டினார்கள், ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள். ஏட்டில் வந்த பாட்டும் மலையில் வெட்டிய எழுத்தும் அங்கே சந்திக்கின்றன.

குமுலிபோ உரிமைப் பத்திரமாக நின்ற கதை உருக்கமானது. 1874-இல் தேர்தல் மூலம் மன்னரான கலாகவுவாவின் குலப் பெருமையை ஐயுற்றவர்கள் இருந்தார்கள். 1889-இல் அவர் இந்தப் பாடலை ஹவாய் மொழியிலேயே அச்சிட்டார். அவருக்குப் பின் அரியணை ஏறிய தங்கை லிலியுவோகலானியின் ஆட்சி 1893-இல் கவிழ்க்கப்பட்டது. 1895-இல் அவரை அவருடைய இயோலானி அரண்மனையின் மாடி அறை ஒன்றிலேயே சிறை வைத்தார்கள். அங்கே அவர் குமுலிபோவை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். 1897-இல் அது பாஸ்டனில் நூலாக வந்தது. அடுத்த ஆண்டே ஹவாயை அமெரிக்கா இணைத்துக்கொண்டது. நாடு கைவிட்டுப் போகும் நேரத்தில் ஓர் அரசி தன் குடும்பம் பவளத்திலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். அதைவிட உறுதியான உரிமைக் குரல் எனக்குத் தெரியவில்லை.

இனி உயிரியல் சொல்வதைப் பார்ப்போம். பெற்றோர் 2 பேர், அவர்களின் பெற்றோர் 4 பேர் என்று இரட்டித்துக்கொண்டே போனால், 10 தலைமுறைக்கு முன் 1,024 இடங்கள். 15 தலைமுறைக்கு முன் 32,768. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் வழக்கத்தில் ஒரே ஆள் பல இடங்களில் உட்கார்ந்திருப்பார் என்பதால் உண்மையான தலைகள் குறையும். இருந்தாலும் கூட்டம் பெரிது. ஆனால் மரபணு இழை சீட்டுக்கட்டைப் பெரிய பெரிய கற்றைகளாகக் கலைப்பது போலத்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் கலைகிறது. பாதி அடுத்த தலைமுறைக்குப் போகிறது, பாதி நின்றுவிடுகிறது. அதனால் 15 தலைமுறைக்கு முன்னிருந்த மூதாதையரில் பெரும்பாலோரிடமிருந்து ஒரு துண்டு கூட உங்கள் உடலில் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் இல்லை. ஆனால் உங்கள் இரத்தத்தைச் சோதித்தால் அவர்கள் இருந்ததற்குத் தடயமே கிடைக்காது. உடம்பு அவர்களை விட்டுவிட்டது. அவர்களைப் பிடித்து வைக்க முடிந்தது பெயரால் மட்டுமே; எழுத்தில்லாத நாட்டில் அந்தப் பெயரைப் பிடித்து வைத்தது யாப்பு.

பவளத்தின் கதை நேர் மாறானது. பெயர் இல்லாத அந்த மிகப் பழைய உறவை உடம்பு மறக்கவில்லை. பவளத்துக்கு நெருங்கிய உறவான கடல் அனிமோன் ஒன்றின் மரபணுத் தொகுதி 2007-இல் வெளியானபோது, பழ ஈயும் உருளைப் புழுவும் இழந்துவிட்ட பல மரபணுக்கள் அதனிடமும் நம்மிடமும் இன்னும் இருப்பது தெரிந்தது. ஹவாய்ப் புலவர்களுக்கு மரபணு தெரியும் என்று நான் சொல்லவில்லை. பவளப் பாறைகள் காக்கும் கரையில் வாழ்ந்தவர்கள், தங்கள் உலகம் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தார்கள். அதைக் குடும்பத்தின் தலைமகனாக்கினார்கள். அவர்களுடைய இன்னொரு கதையில் சேப்பங்கிழங்கு மனிதனுக்கு அண்ணன். இறந்து பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் அது முளைக்கிறது. இரண்டாவது குழந்தையிலிருந்து மனிதர் வருகிறார்கள். அண்ணன் சோறு போடுவான், தம்பி அவனைப் பேண வேண்டும். வேளாண்மை முழுவதும் இந்த உறவுமுறைக்குள் வந்துவிடுகிறது.

1896-இல் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது; ஹவாய் மொழி பேசும் குழந்தைகள் அருகிப் போனார்கள். 1984-இல் தாய்மொழி மழலையர் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அந்த வழியில் வந்த பிள்ளைகள் இன்று தங்கள் சொந்த வம்சாவளியைப் பாட்டாக ஓதுகிறார்கள்.

தன் குடும்பத்தின் பெயர்களைத் தேடிச் சேர்க்கும் எவரும் குமுலிபோவிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது அந்த இணை முறை. நம் உலாக்களில் தந்தை, மகன், பேரன் என்று கோடு நேராகப் போகும். தாய்மார் பெரும்பாலும் வரமாட்டார்கள். குமுலிபோவின் நீண்ட பட்டியலில் மனைவியின் பெயர் இல்லாமல் அடி நிறைவதில்லை. தாத்தாவின் பெயருக்கு மோனையாகப் பாட்டியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அவர் பிறந்த ஊரின் பெயரோடு பொருத்திப் பாருங்கள். பெயரே கிடைக்காத கொள்ளுப்பாட்டி இருந்தால் அவருக்கும் ஓர் அடி ஒதுக்குங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், நாற்று நட்டாரா, நெசவு நெய்தாரா என்று தெரிந்த அளவு அந்த அடியில் வரட்டும்.