கடல் கடந்து வரும் கணனி

தாயகத்திலிருந்து மொன்றியலுக்குக் குடிபெயர்வோர் மேசைக் கணனியையும் கொண்டுவர விரும்பின், முதலில் ஒன்றைக் கூற விழைகின்றோம். இயந்திரத்தை மீண்டும் வாங்கலாம். அதனுள் இருக்கும் படங்களையும் எழுத்துக்களையும் வாங்க இயலாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறு பிரதியில்லாத ஏடுகள் மீளாதழிந்ததை நாம் அறிவோம். எனவே, அனைத்தையும் வேறொரு வன்தட்டிற் பிரதி செய்து, அதனைக் கைப்பையிலேயே எடுத்து வருதல் வேண்டும்.

அடுத்து, பாரமான வரைகலை அட்டையைக் கழற்றித் தனியே பொதி செய்க. பயணக் குலுக்கலில் அதன் பாரமே தாய்ப்பலகையைச் சேதப்படுத்தக்கூடும்.

இலங்கையில் மின்னழுத்தம் 230 வோல்ற், கனடாவில் 120. மின்வழங்கியில் ‘100–240’ எனப் பொறிக்கப்பட்டிருப்பின் மின்வடத்தை மட்டும் மாற்றினாற் போதும். 115, 230 எனக் குறித்த சிறு ஆளி இருப்பின், மின் இணைக்குமுன் 115இல் வைத்தல் வேண்டும்.

மாரியில் வந்துசேரும் கணனியை உடனே இயக்கலாகாது. வீட்டுக் காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் நீர்த்துளியாகப் படியும். பொதியைத் திறவாது ஒருநாள் அறையில் வைத்திருப்பது நன்று.

மாணவச் செல்வங்களே! அம்மம்மாவின் குரலும் அப்பப்பாவின் கடிதமும் உங்கள் கணனியில் உண்டாயின், பயணம் வரும்வரை காத்திராது இன்றே இரண்டாம் பிரதி எடுத்து வையுங்கள்.