கொடைக்கானலில் ஒரு நாள்: மாணவர்களுக்கு எதைக் காட்டுவது?

பள்ளிச் சுற்றுலா என்றதும் தென்மாவட்டப் பள்ளிகளில் முதலில் அடிபடும் பெயர் கொடைக்கானல். விடியும் முன் பேருந்து கிளம்பும். ஏரி, பிரையண்ட் பூங்கா, தூண் பாறை, பைன் காடு என்று ஒவ்வோர் இடமாக இறங்கி ஏறி, கடைத்தெருவில் சாக்லேட் வாங்கிக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடுவோம். நம் மாணவர்கள் பலருக்கு அதுவே முதல் மலை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் வருகிற பிள்ளைகளும் அந்தப் பேருந்தில் இருப்பார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

கொடைக்கானலில் 'இயற்கை அழகு' என்று நாம் காட்டுபவற்றில் பல, கடந்த 160 ஆண்டுகளுக்குள் மனிதர் உண்டாக்கியவை. மலைக்கே உரிய சோலையும் புல்வெளியும் பெரும்பாலும் வண்டி நிற்காத இடங்களில் இருக்கின்றன. இரண்டும் அழகுதான். ஆனால் எது மலையுடையது, எது நாம் கொண்டுவந்தது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் மாணவர், அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

பேருந்திலேயே தொடங்கும் பாடம்

வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அப்படியானால் மேலே எவ்வளவு குளிராக இருக்கும்? இந்தக் கணக்கைப் பேருந்திலேயே போடச் சொல்லலாம். சுமார் 11 அல்லது 12 டிகிரி குறையும் என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு சாதாரண வெப்பமானி கையில் இருந்தால், அடிவாரத்திலும் மேலேயும் அளந்து, தங்கள் விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏறும்போது காது அடைக்கும். கொண்டுவந்த தின்பண்டப் பாக்கெட் உப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சோறு வேகக் கூடுதல் நேரம் ஆவது இதனால்தான்.

சன்னல் ஓர இருக்கைக்காரர்களிடம் மரங்களைக் கவனிக்கும் வேலையைக் கொடுங்கள். அடிவாரத்தில் புளியும் முட்புதரும். நடுமலையில் நிழல் மரங்களுக்குக் கீழே காபி, மிளகு, மலைவாழை. மேலே போகப்போக வேறு வகை மரங்கள். டம் டம் பாறை அருகே நின்றால் எதிர்மலையில் தலையாறு அருவி மெல்லிய வெள்ளிக்கோடாகத் தெரியும். உள்ளூர்க்காரர்கள் அதை எலிவால் அருவி என்பார்கள். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அது, தமிழகத்தின் மிக உயரமான அருவிகளுள் ஒன்று.

ஏரி இருந்த இடத்தில் என்ன இருந்தது?

நட்சத்திர வடிவ ஏரியைப் பார்த்ததும் மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அங்கு முன்பு இருந்தது ஓடைகள் வந்து கூடிய சதுப்பு நிலம். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் அதன் குறுக்கே கரை கட்டியதால் உருவானதே இந்த ஏரி. ஊருக்கு வரும் வழியில் நாம் பார்க்கும் வெள்ளி அருவியும் ஏரியிலிருந்து வழிந்தோடும் நீர்தான்.

இதைச் சொல்லிவிட்டுப் படகில் ஏற்றுங்கள். சுற்றிலும் உள்ள சாலையில் மிதிவண்டி ஓட்டட்டும். சூடான சோளக்கதிர் தின்னட்டும். மகிழ்ச்சியைக் குறைப்பதற்காக இந்தப் பாடம் இல்லை. மனிதன் உண்டாக்கிய நீர்நிலையும் காலப்போக்கில் ஓர் ஊரின் அடையாளமாகிவிடும் என்பதும், கழிவு கலந்தால் அது கெடும் என்பதும் அவர்களுக்குப் புரிய வேண்டும்.

ஆங்கிலேயர் வந்துதான் இந்த மலை 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று சொல்லிவிடக் கூடாது. பளியர், புலையர் முதலிய பழங்குடி மக்கள் நெடுங்காலமாக இங்கு வாழ்பவர்கள். தாண்டிக்குடிப் பகுதியில் உள்ள கல்திட்டைகள், மிகப் பழங்காலத்திலேயே இம்மலையில் மனிதர் வாழ்ந்ததற்குச் சான்று.

பைன் காட்டின் தரையும் சோலையின் தரையும்

பைன் காட்டில் எல்லோரும் மேலே பார்த்துப் படம் எடுப்பார்கள். நம் மாணவர்களைக் கீழே பார்க்கச் சொல்லுவோம். ஊசி இலைகள் மெத்தை போலக் கிடக்கும். அவற்றினூடே முளைத்திருக்கும் செடிகள் மிகக் குறைவு. மரங்கள் வரிசையாகவும் ஏறக்குறைய ஒரே உயரத்திலும் நிற்கும். அவை நடப்பட்டவை என்பதற்கு அந்த வரிசையே சாட்சி. பைன் மட்டுமல்ல, தைல மரமும் வாட்டில் எனப்படும் சீகை மரமும் வெளிநாட்டிலிருந்து வந்தவையே. விறகுக்கும், கூழ் ஆலைக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் என்று இவை நடப்பட்டன. வாட்டில் நட்ட இடத்தோடு நிற்காமல் தானே பரவி, புல்வெளிகளை மூடிவருகிறது.

அடுத்து, பாம்பார் சோலை போன்ற ஒரு சோலையின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றாலே வேறுபாடு தெரியும். தரையில் மக்கிய இலை, பெரணி, காளான், மரப்பட்டையில் பாசி, கிளைகளில் ஆர்க்கிட். மரங்கள் குட்டையாக, குடை போலக் கவிந்து நிற்கும். இளந்தளிர்கள் சிவப்பாகத் துளிர்க்கும். ஒரு பிடி மக்கிய இலையை எடுத்துப் பிழியச் சொல்லுங்கள். ஈரம் கையில் படும். இந்தக் காடு ஏன் தண்ணீர்த் தொட்டி எனப்படுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பார்த்தபின் இலையை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும்.

இன்னொரு செய்தியும் அவர்களுக்குப் பிடிக்கும். உலகெங்கும் தாவரவியலாளர்கள் இக்காடுகளைக் குறிப்பிடப் பயன்படுத்தும் 'ஷோலா' என்ற சொல், நம் 'சோலை'தான்.

புல்வெளியும் குறிஞ்சியும்

உயர்ந்த மலைமுகடுகளில் மரமில்லாத புல்வெளியைப் பார்த்தால், 'காட்டை வெட்டிவிட்டார்களா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. டிசம்பர், ஜனவரி இரவுகளின் உறைபனியும் பலத்த காற்றும் மரக்கன்றுகளை அங்கே எளிதில் பிழைக்க விடுவதில்லை. அதனால் மலை மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல் என்று அமைந்துவிட்டது. இது தெரியாமல் அதை வெற்று நிலம் என்று எண்ணித்தான் முன்பு அங்கெல்லாம் அயல் மரங்களை நட்டார்கள். நம் மாநில விலங்கான வரையாட்டின் வாழிடம் இத்தகைய புல்வெளியே.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி வளர்வதும் இப்புல்வெளியில்தான். 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பூத்தது. பூத்துக் காய்த்ததும் செடி மடிந்துவிடும். உதிர்ந்த விதைகளிலிருந்து அடுத்த தலைமுறை தொடங்கும். மலையும் மலை சார்ந்த நிலத்துக்கும் நம் முன்னோர் வைத்த பெயரே குறிஞ்சி. அடுத்த பூப்பு 2030-இல் வர வேண்டும். அது வர, புல்வெளி அதுவரை மிஞ்சியிருக்க வேண்டும். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

மேகமும் சூரியனும்

கோக்கர்ஸ் வாக் நடைபாதை 1872-இல் அமைக்கப்பட்டது. காலையில் அங்கிருந்து சமவெளி தெளிவாகத் தெரியும். வெயில் ஏற ஏற, சூடான காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மேகமாகும். புத்தகத்தில் படமாக உள்ள நீர்ச் சுழற்சி கண்ணெதிரே நடக்கும். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் தாழ்ந்திருக்க, எதிரே மேகம் இருந்தால், நம் நிழலே மேகத்தில் விழுந்து அதைச் சுற்றி வானவில் வளையம் தோன்றுவதும் உண்டு.

நகருக்கு மேலே உள்ள சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பின், மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆர்வமும் அதன் பிறப்புக்கு ஒரு காரணம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்குதான் கண்டறிந்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று உலகம் அதைப் படிக்கிறது.

நம் ஊருக்கு வரும் தண்ணீர்

இம்மலையின் தெற்கே இறங்கும் மஞ்சளாறு வைகையைச் சேர்கிறது. வடக்கே பழனிப் பக்கம் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி அணைகளுக்கு வரும் நீர், சண்முகநதி, அமராவதி வழியே காவிரிக்குப் போகிறது. அதாவது, மேலே ஒரு சோலை அழிந்தால் கீழே ஒரு வயல் காயும். சமவெளி மாணவருக்கு இந்த மலை வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல என்பதை உணர்த்த இதைவிட நல்ல வழி இல்லை.

புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்துள்ளது. நடப்பு விதிகளைப் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நெகிழிப் பாட்டில்களைத் தவிர்த்து, எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். குரங்குக்கு உணவு கொடுக்கக் கூடாது. ஊருக்குள்ளேயே உலவும் காட்டுமாடுகளின் அருகே படம் எடுக்கப் போகக் கூடாது. பார்க்கும் இடங்களில் இரண்டைக் குறைத்து, ஒரு சோலை ஓரத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, 'மலையுடையது', 'மனிதர் கொண்டுவந்தது' என்று எழுதி, பார்த்தவற்றை மாணவர்களே நிரப்பட்டும். சில பெயர்களை எந்தப் பக்கம் எழுதுவது என்று வாக்குவாதம் வரும். விடையைச் சொல்ல அவசரப்படாமல் அதை வளர விடுங்கள். சுற்றுலாவுக்கு வர முடியாத பிள்ளைகளுக்கும் அந்த வகுப்பில் பங்கு கிடைக்கும். மலையை நேரில் பார்த்த தோழர்களிடம் அதிகக் கேள்வி கேட்கப்போவது அவர்கள்தான்.