பால்பல்லில் தங்கிய ஈயம்

அமெரிக்காவின் பாஸ்டன் அருகே செல்சி, சோமர்வில் என்ற ஊர்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார் மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன். உடலில் சேரும் காரீயம் இரத்தத்தைவிட்டுச் சில மாதங்களில் இறங்கிவிடும். பல்லிலும் எலும்பிலும் பல ஆண்டுகள் தங்கும். ஆசிரியர்களிடம் ஒரு படிவம் தரப்பட்டது. பிள்ளையின் கவனம் சிதறுகிறதா? எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறதா? பராக்குப் பார்க்கிறதா? சின்ன வேலை சொன்னால் செய்கிறதா? யார் பல்லில் எவ்வளவு ஈயம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது. 1979-இல் முடிவு வெளிவந்தது. பல்லில் ஈயம் கூடக்கூட ஆசிரியர்கள் சொன்ன குறைகளும் கூடியிருந்தன. அந்தப் பிள்ளைகள் யாரும் ஈய நஞ்சின் நோய்க்குறியோடு இருந்தவர்கள் அல்லர்.

அதே பிள்ளைகளில் ஒரு பகுதியினரை நீடில்மன் வளர்ந்தபின் மறுபடி தேடிப் போனார். ஈயம் அதிகமிருந்தவர்கள் பள்ளிப்படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று 1990-இல் எழுதினார். அவருடைய ஆய்வு நேர்மையற்றது என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரணையும் நடந்தது, குற்றம் நிரூபணமாகவில்லை.

ஈயம் உடலுக்குள் கால்சியம்போல நடமாடும். நரம்புகள் தங்களுக்குள் செய்தி கடத்தக் கால்சியம் வேண்டும். அந்த இடத்தில் ஈயம் புகுந்து குழப்புகிறது. அவசரத்தை அடக்கும் முன்மூளை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் இது நடப்பதுதான் கொடுமை. விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த உடலில் இன்னும் அதிகம், ஏனெனில் இரண்டும் குடலில் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. சோகையே பிள்ளையைச் சிடுசிடுப்பாக்கும், கவனத்தைக் குலைக்கும். அதன்மேல் ஈயமும் சேர்ந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

பெட்ரோலில் ஈயம் 2000-இல் நம் நாட்டில் நின்றது. பெயின்ட்டுக்கு 2017 முதல் 90 பிபிஎம் என்ற வரம்பு உண்டு. ஆனால் பழைய சுவரில் உரியும் பெயின்ட், வீட்டோரம் பேட்டரி உருக்கும் பட்டறை, பளிச்சென்று மஞ்சளாகக் காட்ட ஈயக் குரோமேட் சேர்த்த மஞ்சள்தூள் ஆகியவை இன்னும் ஆபத்தே. ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது; அதில் காரீயம் கலந்திருந்தால் ரசத்தின் புளிப்பே அதை இழுத்துவரும்.

துறுதுறுவென்று ஓடும் பிள்ளைக்கெல்லாம் ஈயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கவனக்குறைபாட்டில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அடிப்பதற்கும் அதட்டுவதற்கும் முன், ஈயம் புழங்கும் இடத்தில் வளரும் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை செய்வது நம் கடமை. ஈயம், இரும்பு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தலைமுடியைச் சோதித்து ‘நஞ்சை இறக்கும்’ மருந்து விற்பவர்களிடம் போக வேண்டாம். 780 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் அத்தகைய மருந்து இரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தது. அறிவுத்திறனிலும் நடத்தையிலும் முன்னேற்றம் தரவில்லை. ஈயம் எங்கிருந்து வருகிறதோ அதை அகற்றுவதே முதல் வைத்தியம்.