அழுக்கு வீட்டோடு... முழுக்கு ஆற்றோடு!

ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை... நாள் எதுவானாலும் சரி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் அலைமோதும். திருச்சிக்காரர்கள் மட்டுமா? வெளியூரிலிருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள். காவேரியில் ஒரு முழுக்குப் போட்டால் உடம்புக்கும் மனசுக்கும் கிடைக்கிற சுகமே தனி. தாராளமாகப் போங்கள். வைத்தியன் என்ற முறையில் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால், உங்கள் கூடையில் என்னென்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாமா? ஷாம்பு பாக்கெட் நாலு, சோப்பு, எண்ணெய் பாட்டில், பாலிதீன் கவரில் காதோலை கருகமணி, ஜிகினா வைத்த மாலை. திரும்பி வரும்போது இதில் எவ்வளவு வீட்டுக்கு வருகிறது? எவ்வளவு ஆற்றில் தங்கிவிடுகிறது?

ஒரு பாக்கெட்டில் ஆறு கெடுமா?

"ஏன் டாக்டர், என்னோட ஒரு பாக்கெட் ஷாம்புலயா இவ்வளவு பெரிய காவேரி கெட்டுடப் போவுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், படித்துறையில் நீங்கள் ஒருவர் மட்டும் குளிக்கவில்லையே!

மேட்டூர் திறந்து இரு கரையும் தொட்டு ஓடும்போது ஆறு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கோடையில் பாருங்கள்... மணல் திட்டுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஓடும். அப்போது நுரை போக வழியில்லை. மீனின் செவுள் மென்மையானது; நுரைக்கிற மருந்து அதை அரித்துவிடும். எண்ணெய் தண்ணீர் மேல் படலமாகப் படர்ந்து காற்று கலக்கவிடாமல் தடுக்கும். சில துணி சோப்புத் தூள்களில் இருக்கும் பாஸ்பேட் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிவிடும்.

நாம் குடிப்பது எந்தத் தண்ணீர் என்றும் யோசியுங்கள். கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுப் படுகையில் கிணறு இறக்கித்தான் திருச்சிக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். நாம் விட்டது கீழே போய்விட்டது என்றால், கீழே தஞ்சாவூர்க்காரர் இருக்கிறார். நமக்கு மேலேயும் கரூர்க்காரர் குளிக்கிறார்!

பனி நாட்டிலும் இதே கதைதான்

மேல்நாட்டில் காலில் பலகை கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி விளையாடுவார்கள், டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பலகை வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக அதன் அடியில் மெழுகு தேய்ப்பார்கள். ஃப்ளூரின் கலந்த மெழுகு என்றால் வேகம் அதிகம். ஆனால் அது பனியில் ஒட்டி, பனி உருகும்போது ஓடைக்குப் போய்ச் சேருகிறது. லேசில் மக்குவதும் இல்லை. அதனால் சர்வதேசப் பனிச்சறுக்கு சம்மேளனம் 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அந்த மெழுகையே தடை செய்துவிட்டது.

நம்ம பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்க 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. காவேரிக்குத் தடை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா, என்ன?

எண்ணெய்க் குளியல் எங்கே?

எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பது சித்த மருத்துவம் சொல்லும் நாள் ஒழுக்க விதி. அப்படிப் பார்த்தால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிர்ந்த ஆற்றில் இறங்குவது வைத்திய முறைப்படியே சரியில்லை! எண்ணெய்க் குளியலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு அரப்பு அல்லது சீயக்காய். உடம்புக்கு நலங்கு மாவு. பாசிப்பயறு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கார்போகரிசி, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு இவற்றைச் சம அளவில் எடுத்து, காயவைத்து அரைத்தால் நலங்கு மாவு தயார். நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் கிடைக்கும். முதல் தடவை உபயோகிப்பவர்கள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் உடம்புக்குத் தேயுங்கள்.

"சீயக்காய் இயற்கைதானே, ஆத்துலயே தேய்ச்சுக்கலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது! சீயக்காயிலும் நுரைக்கிற சத்து உண்டு. இப்படி நுரைக்கும் காய்களை அரைத்துக் குட்டையில் கரைத்து, மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கம் பல நாட்டுக் கிராமங்களில் இருக்கிறது. நம் தலைக்கு நல்லது மீனுக்கும் நல்லதாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அதே சீயக்காய்த் தண்ணீர் வீட்டுக் கொல்லையில் வாழைக்குப் போனால் மண் பார்த்துக்கொள்ளும்.

விட்ட துணி காலைச் சுற்றும்

பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தத் துணி மணலில் புதைந்து கிடக்கும். அடுத்து இறங்குகிற பிள்ளையின் காலைச் சுற்றினால் என்ன ஆகும்? உடைந்த கண்ணாடி வளையல், விளக்கு, பாட்டில் துண்டு காலைக் கிழிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் சிறு காயமே பெரிய வினை. தேங்கிய தண்ணீரில் அந்தக் காயம் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும் நுழையலாம். ஆகவே காயம், புண் உள்ளவர்கள் ஆற்றில் இறங்காமல் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டாலே போதும். குழந்தைகள் ஆற்றுத் தண்ணீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுத் தண்ணீர் வரும் நாட்களில் படியை விட்டு ஆழத்துக்குப் போகவே கூடாது.

இனி இப்படிச் செய்யுங்கள்

* தேய்த்துக் குளிப்பதை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆற்றில் வெறும் முழுக்கு மட்டும்.

* ஷாம்பு பாக்கெட் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிய பிளாஸ்டிக். மக்காது, பழைய பேப்பர்காரர்கூட வாங்கமாட்டார். கொண்டுபோகவே போகாதீர்கள்.

* காவேரித் தாய்க்கு மஞ்சள், குங்குமம், உதிரிப்பூ போதும். மாலை என்றால் ஜிகினாவையும் நைலான் நூலையும் பிரித்துவிட்டு ஒரு கைப்பிடி பூவை மட்டும் விடுங்கள். மீதியைச் செடிக்கு எருவாகப் போடலாம்.

* கேரி பேக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று பூஜை சாமானுக்கு, இன்னொன்று ஈரத் துணிக்கு.

* பரிகாரத் துணி நல்ல நிலையில் இருந்தால் துவைத்து இல்லாதவருக்குக் கொடுங்கள். அதைவிடப் பெரிய பரிகாரம் உண்டா?

அடுத்த தடவை அம்மா மண்டபம் போகும்போது குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். வெறுங்கையோடு இறங்கி முழுகிவிட்டு, கொண்டுபோன பையை நிறைவாகத் திருப்பி எடுத்து வாருங்கள். நீங்கள் செய்வதைப் பார்த்தே அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.